கொள்முதல் மையத்தில் என்ன கேட்டார்கள்? நீலகிரி உருளைக்கிழங்கு விவசாயிகளின் அனுபவங்கள்

கேத்தி விவசாயி:
மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கின் பருமனையும் தோலையும் பார்த்து ஏலம் விடுவார்கள். மருந்துக் கணக்கை அங்கே யாரும் என்னிடம் கேட்டதில்லை. நிறுவனக் கொள்முதல் மையத்தில் முதல் கேள்வியே அதுதான். மருந்தின் பெயர், அளவு, அடித்த தேதி, அறுவடைத் தேதி எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வளரும் கார்போகப் பயிர் போடுபவர்களுக்கு என் தவிப்பு புரியும். ஜூன், ஜூலை மழையில் பின்கருகல் நோய் சில நாட்களில் வயலையே கருக்கிவிடும். மருந்தை நிறுத்தினால் பயிர் போகும். தொடர்ந்து அடித்தால் அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி கிடைக்காது. எங்களைக் கரையேற்றியது தழையறுப்புதான். கிழங்கு முற்றியதும் தழையைத் தரையோடு அறுத்து, வயலுக்கு வெளியே அப்புறப்படுத்திவிட்டு, 10 முதல் 15 நாட்கள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விடுகிறோம். தழை இல்லாத வயலில் மருந்துக்கு வேலையில்லை. நோய் இலையிலிருந்து கிழங்குக்கு இறங்குவதும் குறைகிறது, தோலும் இறுகுகிறது. ஆனால் சில மருந்துகளுக்கு இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும். புட்டியில் ஒட்டிய தாளைப் படிக்காமல் கடைசி மருந்தை அடிக்காதீர்கள்.

முத்தோரைத் தோட்டம்:
எங்களிடம் மண்ணில் தூவும் குருணை மருந்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். 1961-இல் ஊட்டியில், உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, நடவின்போது கார்போபியூரான் என்ற குருணையைப் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அது கடும் நஞ்சு. கொள்முதல்காரர் மறுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். இப்போது கிழங்குக்குப் பின் முட்டைகோஸ், கேரட் என்று மாற்றிப் போடுகிறோம். நூற்புழுவையும் கருகலையும் தாங்கும் குப்ரி சுவர்ணா ரக விதை கிடைத்தால் விடுவதில்லை.

தும்மனட்டி அக்கா:
அண்ணா, தழையறுப்பை நானும் செய்கிறேன். எங்கள் மூட்டைகளைத் திருப்பியனுப்பியதற்குக் காரணம் வேறு: பச்சை பாய்ந்த கிழங்கு. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், கூடவே சொலனின் என்ற நச்சுப்பொருளும் கூடும். வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. அதனால் கிழங்கு வெளியே தெரியாதபடி செடிக்கு மண் அணைப்பதில் கவனம் கூட்டினோம், தோண்டிய கிழங்கை வெயிலில் பரப்புவதை விட்டோம். பழைய உரச் சாக்கில் கட்டுவதும் நின்றது, இப்போது கழுவிய பிளாஸ்டிக் கூடைகள்தான்.

ஓடைத் தண்ணீரில் கழுவிக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். அதுவும் சரியே, ஓடையில் மேலே என்ன கலக்கிறது என்று நமக்குத் தெரியாது. கழுவிய கிழங்கு சீக்கிரம் அழுகவும் செய்யும். ஆனால் பாசனத் தண்ணீர்ப் பரிசோதனைச் செலவையும் நம் தலையில் வைத்து, விலையை மட்டும் மண்டி விலையிலேயே நிறுத்துவது அநியாயம். இதை நேரிலேயே சொன்னேன். ஒரே ஓடையில் நீர் எடுக்கும் நாங்கள் சேர்ந்து ஒரே பரிசோதனை செய்து கொடுத்தால் ஏற்பதாக ஒப்புக்கொண்டார்கள். விலையைப் பற்றி இன்னும் பதில் இல்லை. உங்கள் பக்கம் யாருக்காவது கூடுதல் விலை தந்திருக்கிறார்களா?