தபால்தலை இல்லாத ஒரு கடிதமும் இமானுவல் செல்லரின் தாள்களும்: எங்கே தேடுவது?

முத்துநகரான்:

வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

போன மாதம் தூத்துக்குடி வீட்டில் ஆச்சியின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு நீளக் கவர் கிடைத்தது. உள்ளே ஒரே ஒரு தாள், ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம், தேதி 1949 மார்ச். கீழே இமானுவல் செல்லர் என்று கையெழுத்து. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர், புரூக்ளின்காரர், 1923 முதல் 1973 வரை பதவியில் இருந்தவர் என்பதை நெட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடிதம் எங்கள் பெரிய தாத்தாவுக்கு, அதாவது தாத்தாவின் அண்ணனுக்கு, வந்தது. அவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலைக்குப் போனவர். 1943-ல் நியூயார்க்கில் கப்பலைவிட்டு இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லை. புரூக்ளினிலேயே இருந்து அங்கேயே 1971-ல் இறந்தார். கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் கிடைத்தது, விஷயத்தை உரிய துறைக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வந்ததும் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். இதைத்தான் ஊருக்கு அனுப்பி, "இங்கே ஒரு பெரிய மனுஷன் எனக்காகப் பேசுகிறார்" என்று பெருமைப்பட்டிருக்கிறார்.

கவரில் தபால்தலை கிடையாது. அதனால் செல்லரே நேரில் வந்து கொடுத்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. ஆச்சிக்கு இப்போது 91 வயது, இன்றும் அப்படியேதான் சொல்கிறார்.

பெரிய தாத்தா அவருக்கு என்ன எழுதினார், கடைசியில் என்ன முடிவானது என்று தெரிந்துகொள்ள ஆசை. செல்லரின் தாள்களெல்லாம் எங்காவது பத்திரமாக இருக்கின்றனவா? நான் இருப்பது சார்ஜாவில். அடுத்த மே மாதம் ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் வாஷிங்டன் போகிறேன்.

எடிசன்காரன்:

அரசாங்கப் பதவியில் இருந்தவருடைய தாள் அரசாங்கத்திடம்தானே இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நம் ஊர் ஆர்டிஐ மாதிரி அங்கே ஃபோயா என்று இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைத்துவிடும்.

பென்சில்காரி:

எடிசன்காரன் சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அந்த வழியில் போனால் கதவு திறக்காது. ஃபோயா சட்டம் காங்கிரஸுக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியம், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினருடைய அலுவலகத் தாள்கள் அவருடைய சொந்தச் சொத்து. ஜனாதிபதியின் தாள்களை அரசுச் சொத்தாக்கி 1978-ல் சட்டம் வந்தது, உறுப்பினர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 2008-ல் "தயவுசெய்து பாதுகாத்து வையுங்கள்" என்கிற தோரணையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அவ்வளவுதான். விரும்பினால் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம், பரணில் போடலாம், கொளுத்தவும் செய்யலாம். நல்லவேளை, செல்லருடையவை தப்பித்து வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன, கையெழுத்துப் பிரதிகள் பிரிவில்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், முடிக்காமல் விட்ட ஒரு பிஎச்டிக்காக அந்த அறையில் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறேன். பட்டம் வரவில்லை. பென்சில் சீவும் பழக்கம் மட்டும் மிச்சம்.

தேடப் போவதற்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும் தாளைச் சரியாகப் படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

முதலில் கவர். வலது மேல் மூலையில், தபால்தலை ஒட்டுகிற இடத்தில், அச்சடித்த ஒரு கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் அலுவல் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்ட வேண்டாம், அந்தக் கையெழுத்தே தபால்தலை. ஃபிராங்க் என்று பெயர். ஆகவே நேரில் வந்திருக்க வாய்ப்பில்லை, தபால்காரர்தான் கொண்டுவந்திருப்பார். மன்னிக்கவும்.

அப்புறம் தாளின் தலைப்பு. 1949 ஜனவரியில்தான் செல்லர் நீதித்துறைக் குழுவின் தலைவரானார். நடுவில் ஒரு இரண்டு வருட இடைவெளி போக, 1973 வரை அந்த நாற்காலி அவருடையதுதான். குடியேற்றச் சட்டம் எல்லாம் அந்தக் குழுவின் கையில். தலைப்பில் வெறும் பிரதிநிதிகள் சபை என்றிருந்தால் கடிதம் அவருடைய சொந்த அலுவலகத்திலிருந்து வந்தது. நீதித்துறைக் குழு என்றிருந்தால் குழுவின் கோப்புக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. குழுவின் கோப்புகள் செல்லருடைய சொத்து இல்லை, சபையின் சொத்து. அவை இருப்பது பென்சில்வேனியா அவென்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், சட்டமன்ற ஆவண மையத்தில். ஒரே மனிதருடைய ஒரே நாள் வேலை இப்படி இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடக்கும். எனக்கு இது புரியவே நாலு நாள் ஆனது.

கடைசியாக, தாளின் இடது கீழ் மூலை. பெரிய எழுத்தில் இரண்டு, பிறகு சின்ன எழுத்தில் இரண்டு மூன்று என்று ஏதாவது இருக்கும். முதலில் இருப்பது சொன்னவர் அல்லது எழுதியவர், அடுத்தது டைப் அடித்தவர். கடிதத்தை உண்மையில் எழுதியது யார் என்று அந்த மூலைதான் காட்டிக்கொடுக்கும்.

உங்களிடம் இருப்பது மேல்தாள். அடியில் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்திருப்பார்கள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான தாள், எழுத்து கொஞ்சம் ஊதா படர்ந்து இருக்கும். உங்கள் பெரிய தாத்தா எழுதியது அந்த நகலுக்குப் பின்னால் குத்தப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்த பெட்டிகளில் அந்தத் தாள்கள்தான் என்னை உட்காரவைத்தன. பெரிய தலைவர்களின் ரகசியம் கிடைக்கும் என்று போனேன், கிடைத்ததெல்லாம் நன்றிக் கடிதமும் விருந்து அழைப்பும். துருப்பிடித்த கிளிப்பை மெதுவாக எடுத்தால் அடியில் கோடு போட்ட நோட்டுத் தாளில் யாரோ ஒருவர், எழுத்துப்பிழையோடு, மனைவியை வரவழைக்க முடியுமா என்று கேட்டிருப்பார். கிளிப்பின் தடம் தாளில் பழுப்பாகப் பதிந்திருக்கும்.

ஆனால் முன்கூட்டியே ஒன்று. இப்படிப்பட்ட தனிநபர் கோரிக்கைக் கடிதங்களை எல்லாக் காப்பகமும் முழுசாக வைத்துக்கொள்வதில்லை. இடம் போதாது என்று மாதிரிக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியைக் கழித்துவிடுவதும் உண்டு. எனவே டிக்கெட் தேதியை மாற்றுவதற்கு முன் தொகுப்பின் பெட்டிப் பட்டியலைப் பாருங்கள். ஃபைண்டிங் எய்டு என்பார்கள், இணையத்திலேயே இருக்கிறது. பிறகு பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வேண்டிய பெட்டி எண்களைச் சொல்லிவிடுங்கள். பல தொகுப்புகள் வெளியிடத்துக் கிடங்கில் இருக்கும், வந்து சேர நாளாகும். வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், சொல்லாமல் போய் நின்றேன். பெட்டிகள் நாற்பது மைல் தள்ளி இருந்தன. மூன்று நாள் அந்த ஊர் மியூசியத்தைச் சுற்றிப் பார்த்தேன், வேறென்ன செய்வது.

முத்துநகரான்:

அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. தம்பியை வீட்டுக்கு அனுப்பி வீடியோ காலில் காட்டச் சொன்னேன்.

நீங்கள் சொன்னபடியே கவரின் மூலையில் அச்சுக் கையெழுத்து இருக்கிறது. இத்தனை வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை. தலைப்பு நீதித்துறைக் குழு. இடது கீழ் மூலையில் பெரிய எழுத்து இரண்டு, ஆனால் செல்லருடைய பெயருக்குப் பொருந்தவில்லை, வேறு யாரோ. கையெழுத்து மட்டும் நிஜப் பேனா. தாளைத் திருப்பினால் மை ஊறியிருப்பது தெரிகிறது என்கிறான்.

இன்னொரு குழப்பம். 1946-லேயே செல்லர் பெயரில் இந்தியர்களுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டதே. அப்புறம் 1949-ல் பெரிய தாத்தா எதற்காக எழுத வேண்டும்? குடும்பப் பெயர் பர்னாந்து, அங்கே ஃபெர்னாண்டோ.

பென்சில்காரி:

அப்படியானால் எழுதியது குழு ஊழியர். கையெழுத்தைப் போட்டது செல்லராக இருக்கலாம், அவர் சார்பில் செயலாளர் போட்டதாகவும் இருக்கலாம். அதற்காக வருத்தப்படாதீர்கள். ஊழியர் கைக்குப் போன கடிதத்துக்குத்தான் கோப்பு என்று ஒன்று திறந்திருப்பார்கள்.

1946 சட்டத்தைப் பற்றி. 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் "வெள்ளையர்" இல்லை, குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. இரண்டே வாரத்தில், மார்ச் 4-ஆம் தேதி, செல்லரின் பதவிக்காலம் தொடங்கியது. சபை உறுப்பினர் கிளேர் பூத் லூஸும் செல்லரும் சேர்ந்து கொண்டுவந்த சட்டத்தில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டது 1946 ஜூலை 2. லூஸ் குடியரசுக் கட்சி, செல்லர் ஜனநாயகக் கட்சி. லூஸின் தாள்களும் அதே கையெழுத்துப் பிரதிகள் பிரிவில்தான் இருக்கின்றன. அந்தச் சட்டம் இந்தியர் குடியுரிமை பெற வழி செய்தது, வருடத்துக்கு 100 பேர் வரலாம் என்று ஒதுக்கீடும் வைத்தது. ஆனால் கப்பலைவிட்டு இறங்கி அனுமதியில்லாமல் தங்கியவருக்கு அது தானாக எதையும் கொடுக்காது. நாடு கடத்தும் உத்தரவு தலைக்கு மேல் இருந்திருக்கும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இருந்த ஒரு வழி தனிநபர் மசோதா. ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சட்டம்! "இன்னாரின் நிவாரணத்துக்காக" என்று தலைப்புப் போட்டுச் சபையில் வைப்பார்கள், அது நீதித்துறைக் குழுவுக்குப் போகும். நிறைவேறாமல் கிடந்தாலும், மசோதா நிலுவையில் இருக்கும்வரை ஆளைக் கப்பல் ஏற்றாமல் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். பெரிய தாத்தா 1971 வரை அங்கேயே இருந்தார் என்றால் இதையும் ஒரு கை பார்த்துவிடுவது நல்லது. காங்கிரஸ் நடவடிக்கைகளின் அச்சுப் பதிவான காங்கிரஷனல் ரெக்கார்டின் வருடாந்தர அட்டவணையில் ஃபெர்னாண்டோ என்று தேடுங்கள், 1949 முதல் 1953 வரை. இது இணையத்தில் இலவசம், மே மாதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மசோதா எண் கிடைத்தால் அதைக் கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் குழுக் கோப்பைக் கேட்கலாம். சபையின் கோப்புகள் 30 வருடத்தில் திறக்கும், தனிநபர் அந்தரங்கம் உள்ளவை 50 வருடத்தில். 1949 என்பதால் தடை இருக்காது.

பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே 1946 சட்டம் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் சேர்த்து வந்தது. ஃபெர்னாண்டோ என்ற பெயரைப் பார்த்து ஏதாவது ஒரு எழுத்தர் அவரை பிலிப்பைன்ஸ் கோப்பில் தள்ளியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அங்கேயும் பாருங்கள்.

எடிசன்காரன்:

ஃபோயா விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஆனால் பாதி சரி. குடியேற்றத் துறை ஆளுக்கொரு கோப்பு வைத்திருந்தது, ஏ-ஃபைல் என்று. பிறந்து 100 வருடம் தாண்டியவர்களின் கோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்சாஸ் சிட்டியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் பெரிய தாத்தா வயது ஒத்துவரும். அதற்கு மின்னஞ்சலில் கேட்கலாம், எங்கள் மாமனாரின் அப்பாவுக்கு நான் அப்படித்தான் வாங்கினேன்.

ஒரு சந்தேகம் அக்காவிடம். செல்லர் கொண்டுவந்த 1965 குடியேற்றச் சட்டத்தால்தானே எங்கள் தெருவே இங்கே வந்தது. செல்லர் தாள்களில் இந்தியர்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

பென்சில்காரி:

பெட்டிக்குள் தேடவே வேண்டாம், அவர் சபையிலேயே வாய்திறந்து சொன்னது அச்சில் இருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்காவிலிருந்து அதிகம் பேர் வரமாட்டார்கள், அவர்களுக்கு இங்கே உறவினர்களே குறைவு என்று 1965 ஆகஸ்டில் பேசினார். மற்ற உறுப்பினர்களைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையிலேயே நம்பினாரா என்று யாருக்குத் தெரியும். எனக்கென்னவோ நம்பித்தான் சொன்னார் என்று தோன்றுகிறது. 1924-ல் அவர் எதிர்த்த ஒதுக்கீட்டுச் சட்டம் கிழக்கு, தெற்கு ஐரோப்பியரைத் தடுத்த சட்டம். 41 வருடம் மனதில் இருந்தது அதுதான். 1965 சட்டத்தில் அவருடைய செனட் பக்கத்துக் கூட்டாளி பிலிப் ஹார்ட்டின் தாள்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பென்ட்லி நூலகத்தில் இருக்கின்றன. தேவைப்பட்டால் அங்கேயும் பார்க்கலாம்.

அவரைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சாசனத் திருத்தத்தைத் தன் குழுவில் வருடக்கணக்காக அமுக்கி வைத்திருந்தவரும் இவரே. 1970-ல் சபை உறுப்பினர் மார்த்தா கிரிஃபித்ஸ் சக உறுப்பினர்களிடம் கையெழுத்து வேட்டை நடத்தி அதை அவர் கையிலிருந்து பிடுங்கினார். இரண்டு வருடம் கழித்து உட்கட்சித் தேர்தலில் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் வக்கீல் அவரைத் தோற்கடித்தார். ஹோல்ட்ஸ்மனின் தாள்கள் ஹார்வர்டில் ஷ்லெசிங்கர் நூலகத்தில்.

முத்துநகரான் தம்பி, மேயில் போகும்போது பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள், வாசகர் அட்டை அங்கேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் மேடிசன் கட்டடம். பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரே ஒரு கோப்பு. செல்போனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் அணைத்துவிடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், சார்ஜா ஏசி பழகியிருந்தாலும்.

முத்துநகரான்:

நேற்று ராத்திரி அட்டவணையில் உட்கார்ந்தேன். 1950-ல் ஒரு ஃபெர்னாண்டோ இருக்கிறார், முதல் பெயர் ஒத்துப்போகிறது, நடுப்பெயர் இல்லை. மசோதா எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு காப்பகத்துக்கும் எழுதிவிட்டேன். கன்சாஸ் சிட்டிக்கும் ஒன்று. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

ஆச்சியிடம் மசோதா வரைக்கும் சொல்லியாயிற்று. தபால்தலை விஷயத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.