பின் காலிப்பர் மாற்றினேன், பிரேக் ஹோஸ் எட்டவில்லை: ஜேசிபி ஹோஸ் போடலாமா?

கன்னங்குறிச்சிக்காரன்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2004 மாடல் செடான், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். கம்பெனி பெயரைச் சொன்னால் "இந்த வண்டிக்குப் போய் இவ்வளவு செலவா" என்று பாதிப் பேர் கிளம்பிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

பின்பக்கக் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இரண்டும் துருவேறி, ஹேண்ட் பிரேக் லீவர் திரும்பி வராமல், பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருந்தது. ஏற்காடு போய் இறங்கி அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினால் பின் வீல் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாது, அவ்வளவு அனல். அதே கம்பெனியின் பெரிய மாடலில் இருந்து கழற்றிய காலிப்பர், பிராக்கெட், பெரிய டிஸ்க் எல்லாம் ஒரே செட்டாகப் பழைய சாமான் கடையில் கிடைத்தது, எடுத்துவிட்டேன். பிராக்கெட் போல்ட் ஓட்டை அப்படியே பொருந்துகிறது. பிஸ்டன் விட்டம் பழையதில் 34 மி.மீ., புதியதில் 38.

வில்லங்கம் ஹோஸில்தான். பழைய காலிப்பரில் ஹோஸ் முனையே நேராக மரையில் திருகிப் போகும். புதியதற்குப் பேஞ்சோ போல்ட் (திரவம் போக நடுவில் துளை உள்ள போல்ட்) வேண்டும், அதுவும் வாய் பின்பக்கம் திரும்பி இருப்பதால் பழைய ஹோஸ் ஒரு ஆறு செ.மீ. எட்டவில்லை. போதாக்குறைக்கு, பாடிப் பக்கம் ஹோஸும் இரும்பு பைப்பும் சேரும் நட்டைச் சாதா 11 ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன், முனை மழுங்கி உருண்டையாகிவிட்டது. அந்த பைப்பும் போச்சு, இரண்டு பக்கமும் முக்கால் அடி மாற்ற வேண்டும்.

பைபாஸில் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் ஒரு கடையில் காட்டினேன். "இதுக்கென்ன சார், ஜேசிபிக்குப் போடுற ஹோஸ் 400 பார் தாங்கும், உங்க காரு எந்த மூலைக்கு, அரை மணி நேரத்துல அடிச்சுத் தரேன்" என்றார். பைப்புக்கு எங்கள் தெரு ஏசி மெக்கானிக் செம்பு பைப்பில் ஃப்ளேர் (முனையை விரித்து மடிப்பது) போட்டுத் தருகிறேன் என்கிறார். இரண்டும் சேர்த்து ஆயிரம்கூட ஆகாது. போடலாமா? வண்டி நான்கு நாளாக ஜாக் மேல் நிற்கிறது, வீட்டில் ஏச்சு வாங்கி மாளவில்லை.

ரிக்வண்டி:

தம்பி, போட்டுவிடாதீர்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பதினோரு வருடம் ஹோஸ் அடித்தவன் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்ன 400 பார் பொய் இல்லை. இரண்டு கம்பி வலை போட்ட கால் இஞ்ச் ஹோஸ் தாராளமாகத் தாங்கும். நீங்கள் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தாலும் லைனில் நூறு, நூற்றைம்பது பாருக்கு மேல் போவது கடினம். பிரஷரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹோஸுக்குள் எது ஓடுகிறது என்று அவர் கேட்டாரா? ஜேசிபியிலும் ரிக்கிலும் ஓடுவது மினரல் ஆயில். அதற்கென்று உள்ளே நைட்ரைல் ரப்பர் வைத்திருப்பான். உங்கள் வண்டியில் ஓடுவதை நாம் வாய்ப்பழக்கத்தில் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது ஆயிலே கிடையாது, கிளைக்கால் வகைத் திரவம். நைட்ரைல் அதில் ஊறி உப்பிவிடும். அதற்காகத்தான் பிரேக் ஹோஸின் உள்ரப்பர் இபிடிஎம் என்ற வேறு வகை. அதில் மினரல் ஆயில் பட்டால் அது கொழகொழத்துப் போகும். ஒன்றின் ரப்பர் இன்னொன்றுக்கு ஆகவே ஆகாது.

உப்பினால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் டெம்போவில் எங்கேயோ இப்படி அடித்துப் போட்டுவிட்டார். முதல் மாதம் பிரமாதம், பெடல் கல் மாதிரி. மூன்றாவது மாதம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். உள்துளை ஊசி நுழைகிற அளவுக்குச் சுருங்கி, ரப்பர் வடாம் மாவு மாதிரி இருந்தது. கால் வைக்கிற அழுத்தத்தில் திரவம் போய்விடுகிறது, காலை எடுத்தால் திரும்பி வர வழி இல்லை. கிழிந்து ஒழுகியிருந்தால்கூட தரையில் ஈரம் பார்த்துப் பிடித்திருக்கலாம்.

உங்களுக்கு வேண்டியது இரண்டில் ஒன்று. ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே1401 என்று தரக்குறி அச்சிட்ட சாதா ரப்பர் பிரேக் ஹோஸ், அளவு கொடுத்துச் செய்து வாங்குவது. அல்லது உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ். டெஃப்லானுக்கு இரண்டு திரவமும் ஒன்றுதான், உப்பாது. பிரேக் வேலைக்கே தனியாகச் செய்கிறவர்களிடம், பிரஷர் டெஸ்ட் செய்து வாங்குங்கள்.

ஏசி செம்பு பைப் அதைவிட மோசம். மெத்தென்று இருப்பதால் வளைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் வண்டி அதிர அதிர செம்பு இறுகிக்கொண்டே போய் ஃப்ளேர் கழுத்தில் விரிசல் விடும். ஏசிக்காரர் டூல் ஒற்றை மடிப்பு ஃப்ளேர்தான் போடும், பிரேக்குக்கு அது உதவாது. செம்பில் பத்து சதம் நிக்கல் கலந்த பைப் இருக்கிறது, குனிஃபர் என்று கேளுங்கள், 4.75 மி.மீ. கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது.

மூணாவது கியர்:

எல்லாம் சரி, வண்டி பெயரைச் சொல்லாமல் பிரேக் கேள்வி கேட்பது டாக்டரிடம் போய் "ஒருத்தருக்கு வயிற்றுவலி" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

லேத்பட்டறை:

ரிக்வண்டி அண்ணா சொன்னதற்கு மேல் ஹோஸைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முனைகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒழுகுவது எப்போதும் அங்கேதான்.

பேஞ்சோ போல்ட் 10 மி.மீ. என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். மரை இடைவெளி 1.0 மி.மீ. இருக்கிறது, 1.25 இருக்கிறது. கார்களில் பெரும்பாலும் 1.0 வரும், ஜப்பான் பைக் பக்கம் 1.25, கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். தவறானது இரண்டு மூன்று சுற்று போய்ப் பிடிக்கும், "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டீர்களோ, காலிப்பர் மரை காலி. வெறும் விரலாலேயே கடைசி வரை போக வேண்டும். மரை இடைவெளி அளக்கும் கேஜ் பெரிய செலவில்லை, சந்தேகம் இருந்தால் வைத்துப் பாருங்கள். செம்பு வாஷர் பேஞ்சோவுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, ஒவ்வொரு முறையும் புதுசு.

ஃப்ளேரில் இரண்டு ஜாதி. ஒன்று உள்பக்கம் மடித்த இரட்டை ஃப்ளேர், புனல் வாய் மாதிரி. இன்னொன்று பபிள் ஃப்ளேர், காளான் தலை மாதிரி. மரை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், அதனால் மாற்றிப் போட்டாலும் நட் சமர்த்தாக ஏறும், உட்காருமிடம்தான் பொருந்தாது. பழைய பைப் முனையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அதைக் காட்டி அதே மாதிரி போடச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, மரையில் டெஃப்லான் டேப் சுற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது அங்கிருந்து வந்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய் இல்லை இது, அடைப்பது மரை அல்ல, ஃப்ளேர்தான். டேப் துணுக்கு ஒன்று உள்ளே போனால், ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் வால்வு வரைக்கும் போகும்.

நட்டுக்கு அடுத்த தடவை ஃப்ளேர் நட் ஸ்பேனர். ரிங் ஸ்பேனரில் ஒரு பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

ஹோஸ் நீளத்தைச் சக்கரம் தொங்கும்போது அளந்து எடுங்கள், அதுதான் அதிகபட்ச நீட்சி. பிறகு ஜாக்கைப் பின் ஆக்சிலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, அந்த நிலையில் ஹோஸ் மடிந்து டயரையோ ஸ்பிரிங்கையோ தொடுகிறதா என்று பாருங்கள். ஸ்டீல் வலை ஹோஸ் எதன் மேல் உரசுகிறதோ அதை அரம் மாதிரி அறுத்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள். பாடிப் பக்கம் ஹோஸைப் பிடித்து வைக்கும் யு கிளிப்பை விட்டுவிடக் கூடாது, பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டுவதெல்லாம் கணக்கில் சேராது.

கன்னங்குறிச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஜேசிபி ஹோஸ் யோசனையை விட்டுவிட்டேன். ஸ்டீல் வலை ஹோஸ் பெங்களூரில் இருந்து ஆர்டர் போட்டு வந்தது, 6 செ.மீ. எட்டவில்லை என்றாலும் லேத்பட்டறை சொன்ன மாதிரி தொங்கவிட்டு அளந்தபோது 9 செ.மீ. அதிகம் தேவைப்பட்டது. தரையில் நிற்கும்போது அளந்து கொடுத்திருந்தால் முதல் பள்ளத்திலேயே ஹோஸ் விண்ணென்று இழுத்திருக்கும். குனிஃபர் பைப்பும் போட்டாயிற்று, ஒழுகல் இல்லை, வெள்ளைத் தாளை அடியில் விரித்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன்.

ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் காலி, மனைவி பெடலை மிதிக்க நான் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்க என்று மூன்று சாயங்காலம் போய்விட்டது, ஏர் வருவதே நிற்க மாட்டேன் என்கிறது. பிஸ்டன் பெரியதாகிவிட்டதால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளுவது) போதவில்லையோ?

லேத்பட்டறை:

ஒரு கேள்வி. ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரில் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

கன்னங்குறிச்சிக்காரன்:

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். கீழே.

லேத்பட்டறை:

இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கீழே திறந்து வைத்துக்கொண்டு ஒரு லாரி பிரேக் ஆயில் ஊற்றினாலும் வராது. மாற்றி மாட்டுங்கள். கைப்பிரேக் உள்ள காலிப்பர் என்பதால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும், சி கிளாம்ப் போட்டு நேராக அமுக்கினால் உள்ளே இருக்கிற அட்ஜஸ்டர் உடையும். வெட்கப்படாதீர்கள், எங்கள் பட்டறையிலேயே இரண்டு தடவை நடந்திருக்கிறது, ஒரு தடவை செய்தவன் நான்.

மாற்றி மாட்டும்போது ஹோஸ் போகும் பாதையும் மாறும், மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள்.

காபித்தோட்டம்:

மலை மேலே இருந்து ஒருவன் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 34 எங்கே, 38 எங்கே. பரப்பு வர்க்கத்தில் ஏறும், அதாவது அதே மிதிக்குப் பின்பக்கம் பேட் 25 சதவீதம் அதிகமாக அழுத்தும், பெடலும் அதே அளவு திரவத்தைக் கூடுதலாகத் தள்ள வேண்டும். டிஸ்க்கும் பெரியது என்பதால் பிடி இன்னும் கூடும். பலம் கூடியதுதானே என்று நினைப்பீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிறது, அந்த நேரத்தில் பின்பக்கம் முதலில் லாக் ஆனால் வண்டி குறுக்கே திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரச் சருகு கிடக்கிற கொண்டை ஊசியில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். காலி மைதானத்தில் தண்ணீர் தெளித்து, 30, 40 வேகத்தில் பிடித்துப் பாருங்கள், வெளியே ஒருவரை நிற்க வைத்து எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். பின் சக்கரம் முந்தினால் பிரஷர் குறைக்கிற வால்வு வேண்டும், அல்லது 34 மி.மீ. காலிப்பரையே புதுசாகப் போட்டுவிடலாம். உண்மையைச் சொன்னால் நானாக இருந்தால் அதைத்தான் முதலிலேயே செய்திருப்பேன். பழைய காலிப்பர் ஒட்டிக்கொண்டதுதான் உங்கள் நோய், சிறியதாக இருந்தது இல்லை.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. ஆளும் பேருமாக 1,300 கிலோ வண்டி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்குச் சுமார் 1,200 மீட்டர் இறங்குகிறது. அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்கிலேயே தீர்த்தால் கிட்டத்தட்ட 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எனவே 20 வளைவும் இரண்டாவது கியர். டாட் 4 புதியதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 போதும். திறந்து பாதி வைத்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஆர்டிஓ பக்கமும் ஒரு கண் இருக்கட்டும், வண்டியில் மாற்றம் செய்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது.

கன்னங்குறிச்சிக்காரன்:

காலிப்பரை இடம் மாற்றியதும் கால் லிட்டரிலேயே ஏர் முழுக்கப் போய்விட்டது. பெடல் முன்பைவிட ஒரு விரல்கடை இறங்குகிறது, அது காபித்தோட்டம் சொன்ன கூடுதல் திரவம் போல.

மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மைத்துனர் வெளியே நின்றார். மூன்று தடவையில் இரண்டு தடவை இடது பின் சக்கரம் முதலில் நின்றது. வால்வு வந்து சேரும்வரை வண்டி கன்னங்குறிச்சியைத் தாண்டாது, மலைக்குப் பஸ்தான். மூணாவது கியர், கம்பெனி பெயரை வால்வு மாட்டிய பிறகு சொல்கிறேன்.