பாடகருக்கே பிடிக்காத பாட்டை வெளியிட்டது சரியா?

கதிரவன்:
பிரிட்டிஷ் பாப் இசைக்குழுவான ஹியூமன் லீக்கின் 'டோன்ட் யூ வான்ட் மீ' 1981 நவம்பர் 27 அன்று சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக வந்தது. அதற்கு முந்தைய மாதம் வெளியான 'டேர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. பாடிய ஃபில் ஓக்கிக்கு அது பிடிக்கவே இல்லை. ஆல்பத்திலேயே சோடையான பாட்டு என்று நினைத்துத்தான் கடைசியில் தள்ளினார். அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான வர்ஜினின் சைமன் டிரேப்பர் பிடிவாதமாக நின்று அதை வெளியிட வைத்தார். பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம், 15 லட்சத்துக்கும் மேல் விற்பனை. மறு ஆண்டு அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். டிரேப்பர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. தன் படைப்பில் எது தேறும் என்று படைத்தவருக்கே எல்லா நேரமும் தெரிவதில்லை.

செல்வி:
விற்றுவிட்டால் சரியாகிவிடுமா? அந்த ஆல்பத்திலிருந்து அவர்கள் ஏற்கெனவே மூன்று சிங்கிள்கள் வெளியிட்டிருந்தார்கள். நான்காவதும் வந்தால் ரசிகர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள் என்று ஓக்கி அஞ்சினார். அதனால்தான் இசைத்தட்டுடன் பெரிய வண்ணப் படம் ஒன்றையும் சேர்த்துத் தரவேண்டும் என்று வற்புறுத்தினார். வாங்குகிறவரின் காசுக்கு மதிப்புக் கொடுத்த மனிதரின் பேச்சை ஒரு நிறுவனம் தூக்கிப் போட்டது. இதைத்தான் கொண்டாடுகிறீர்கள்.

முகில்:
நீங்கள் இருவரும் வெளியீட்டிலேயே நிற்கிறீர்கள். தகராறு ஸ்டுடியோவிலேயே தொடங்கிவிட்டது. தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட்டுக்கு முதலில் செய்த கலவை, அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்து அமைத்த வடிவம், திருப்தி தரவில்லை. அவரும் குழுவைச் சேர்ந்த ஜோ காலிஸும் சேர்ந்து அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்து மறுகலவை செய்தார்கள். ஓக்கி கொதித்துப்போனார்.

அந்த ஆல்பம் உருவான விதத்தையும் பாருங்கள். அதில் பயன்பட்ட லின் எல்எம்-1 என்பது உண்மையான டிரம் ஒலிகளை டிஜிட்டலாகப் பதிவு செய்து வைத்திருந்த முதல் தாள இயந்திரம், 1980இல்தான் வந்தது. சுரங்களை வரிசையாகப் பதிந்து தானே வாசிக்கவைக்கும் ரோலண்ட் எம்சி-8 கருவியில் விசைப்பலகையை வாசித்துப் பதிவதைவிட எண்களைத் தட்டுவதே பெரும் வேலை: ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் உயரம் எவ்வளவு, அடுத்த சுரம் வரும்வரை இடைவெளி எவ்வளவு, அதில் ஒலி நீடிப்பது எவ்வளவு என்று எல்லாமே எண்கள். அப்படி எண்ணெண்ணாகக் கோத்தவரின் காதுக்கு மரியாதை வேண்டாமா? ரஷென்ட் இல்லாமல் அந்த ஒலி இல்லை.

செல்வி:
ரஷென்ட்டின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது? முதலில் அது ஆண் மட்டும் பாடும் பாட்டு. அதை இருவரின் மோதலாக மாற்றியது ஓக்கி. 'மதுக்கூடத்தில் வேலை பார்த்த உன்னை நான்தான் உயர்த்திவிட்டேன்' என்று அவன் மிரட்டுகிறான். பிறகு சூசன் சல்லி வருகிறார்: ஆமாம், அங்கேதான் வேலை பார்த்தேன், ஆனாலும் எப்படியும் முன்னேறியிருப்பேன் என்கிறார். குரலில் அலங்காரமே இல்லை. ஷெஃபீல்டின் ஒரு நடன விடுதியில் ஓக்கி கண்டெடுத்த இரண்டு பள்ளி மாணவிகளில் ஒருவர் அவர். தேர்ந்த பாடகி யாரேனும் உருகி உருகிப் பாடியிருந்தால் அந்த இடம் கெட்டிருக்கும். அதைக் கண்டுகொண்டவருக்குத் தன் பாட்டைப் பற்றிய தீர்ப்பு மட்டும் தெரியாதா?

கதிரவன்:
தெரியவில்லையே! நீங்கள் இவ்வளவு அழகாகச் சொன்ன அந்த இடத்தை ஓக்கி ஆல்பத்தின் வால்பகுதியில் ஒளித்து வைத்தார். டிரேப்பர் இல்லையென்றால் ஆல்பம் வாங்கியவர்கள் மட்டும்தான் சூசனின் பதிலைக் கேட்டிருப்பார்கள்.

செல்வி:
அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்லுங்கள். அடுத்த ஆல்பத்துக்கான வேலையின் நடுவிலேயே ரஷென்ட் சண்டையிட்டு வெளியேறினார். அந்த ஆல்பம் 1984இல்தான் வந்தது. 1986இல் மறுபடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஹியூமன்' பாட்டை எழுதித் தயாரித்தவர்கள் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் ஜிம்மி ஜாமும் டெர்ரி லூயிஸும். பாடியது மட்டுமே இவர்கள். உன் காதை நம்பாதே என்று ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

முகில்:
ரஷென்ட் விலகியதற்கு இந்த ஒரு சிங்கிள் காரணமில்லை, செல்வி. அதன் வெற்றிக்குப் பிறகும் அவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள். 1982இல் 'டேர்' பாடல்களையே வெட்டி ஒட்டி 'லவ் அண்ட் டான்சிங்' என்ற மறுகலவை ஆல்பத்தை ரஷென்ட் உருவாக்கினார். அதில் இந்தப் பாட்டும் இருக்கிறது. ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.