பக்ஸ்டன்: சிங்க வாயில் வெதுவெதுப்பான தண்ணீர்

ஸ்டாக்போர்ட்வாசி:

போன அக்டோபரில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். லண்டனில் மூன்று நாள் சுற்றியதில் கால் வீங்கிவிட்டது. "இனிமே பெரிய ஊரே வேண்டாம்டா" என்றார். சரி என்று டார்பிஷயரில் ஊற்றுநீருக்குப் பேர்போன சின்ன மலையூரான பக்ஸ்டனுக்குக் கூட்டிப் போனேன். மான்செஸ்டரில் கிளம்பும் ரயில் எங்கள் ஸ்டாக்போர்ட்டில் நின்றுதான் போகும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் மெதுவாக மலையேறி, பக்ஸ்டனோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது.

இறங்கியதும் அம்மாவுக்குத் தாகம். வழியில் ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். ஊர்ப் பெயரையே போட்டு இங்கிலாந்து முழுக்க விற்கும் அதே பக்ஸ்டன் தண்ணீர்தான். பையில் வைத்துக்கொண்டு, கிரசென்ட் என்ற பிறை வடிவப் பழைய கட்டடத்தின் பக்கம் நடந்தோம்.

அங்கே செயின்ட் ஆன்ஸ் வெல் இருக்கிறது. பெயர்தான் கிணறு, எட்டிப் பார்க்க உறையும் இல்லை, ராட்டினமும் இல்லை. கல் மாடம், குழந்தையோடு புனித அன்னம்மாள் சிலை, பித்தளைச் சிங்கத்தின் வாயிலிருந்து ராப்பகலாகக் கொட்டும் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு பெரியவர் ஐந்து லிட்டர் கேன்களை வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கேனை நகர்த்தி, "நீங்க பிடிங்க, டக்" என்று வழிவிட்டார்.

அம்மா கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "என்னடா, சூடா இருக்கு!" சூடு என்று சொல்ல முடியாது, வெதுவெதுப்பு. ஏறக்குறைய 27.5 டிகிரி. வெளியே குளிர் பல்லைக் கிட்டவைத்த நாள் என்பதால் அவருக்கு அப்படித் தெரிந்தது. இந்தத் தண்ணீர் சுமார் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, திரும்ப மேலே வருகிறது என்று படித்ததைச் சொன்னேன். "ஐயாயிரம் வருஷப் பழசையா குடிக்கச் சொல்றே?" என்றார். ஆனால் குடித்தார். இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு என் பையைப் பார்த்தார்.

"அந்த பாட்டில்ல இருக்கறதும் இதேதானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? பாட்டிலைத் திறந்து புல்தரையில் ஊற்றிவிட்டு, சிங்கத்தின் வாயில் பிடித்து நிரப்பினார். கேன்காரப் பெரியவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் அம்மா கேட்டார்: "அந்த ஆளு என்னை வாத்துன்னு சொன்னானா?" டார்பிஷயரில் 'டக்' என்றால் நம் 'கண்ணு' மாதிரி என்று விளக்கினேன். அவர் முழுசாக நம்பவில்லை.

கிரசென்ட் கட்டடத்தை 1780களில் ஐந்தாவது டெவன்ஷயர் டியூக் ஜான் காரை வைத்துக் கட்டினார். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பாத் நகரத்துப் பணக்காரக் கூட்டத்தை இங்கே இழுக்க வேண்டும் என்பது ஆசை. பல வருஷம் பூட்டிக் கிடந்து 2020இல்தான் ஓட்டலாகத் திறந்தார்கள். உள்ளே அதே ஊற்றுநீரில் குளிக்கலாம், அதற்குக் காசு. எதிரே 1894இல் கட்டிய பம்ப் ரூம். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் நின்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுப்பார்களாம்.

எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் கேவண்டிஷ் ஆர்கேட். பழைய வெந்நீர்க் குளியல் கூடத்தைச் சின்னச் சின்னக் கடைகளாக மாற்றியிருக்கிறார்கள். சுவரில் பழைய பீங்கான் ஓடுகள் அப்படியே இருக்கின்றன. தலைக்கு மேல் பிரையன் கிளார்க் 1987இல் செய்த வண்ணக் கண்ணாடிக் கூரை. மழை மூட்டமான நாளிலும் கீழே நிற்பவர்கள் முகத்தில் நீலம் விழுகிறது. நடக்க முடியாத நோயாளிகளை உட்காரவைத்துத் தொட்டிக்குள் இறக்கிய நாற்காலியைக்கூட வைத்திருக்கிறார்கள். அம்மா கடைகளை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முழங்கால் வலி, அதனால் இருக்கலாம்.

மதியம் ஒரு கஃபேயில் ஓட்கேக். ஓட்ஸ் மாவையும் கோதுமை மாவையும் ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்துக் கல்லில் ஊற்றி எடுப்பது. பேக்கன் வேண்டாம், சீஸ் மட்டும் என்றோம். "மாவு நல்லாத்தான் புளிச்சிருக்கு, கல்லுதான் காயலை" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டாவதும் கேட்டார்.

நாட்டிங்ஹாம் அக்கா:

தம்பி, ஹையர் பக்ஸ்டன் மேட்டை ஏறவில்லையா? அம்மா காலோடு ஏறியிருக்க முடியாதுதான். அங்கே ஹை ஸ்ட்ரீட்டில் ஸ்க்ரிவனர்ஸ் என்று ஐந்து தளத்தில் பழைய புத்தகக் கடை. படி குறுகல், ஒருவர் இறங்கினால்தான் அடுத்தவர் ஏறலாம். நான் ஒரு சமையல் புத்தகம் தேடிப் போய் மூன்று மணி நேரம் கழித்து நான்கு புத்தகத்தோடு வெளியே வந்தேன். சமையல் புத்தகம் அதில் இல்லை.

ப்ளூ ஜான் கல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் என் ஏமாந்த கதை. ஊதாவும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடும் ஒருவகை ஃப்ளூரைட் கனிமம் அது. பக்கத்தில் காசில்டனில் ஒரே ஒரு குன்றில்தான் கிடைக்கிறது. பல வருஷத்துக்கு முன் வேறோர் ஊர்ச் சந்தையில் "ப்ளூ ஜான்" என்று ஒரு மோதிரம் மலிவாகக் கிடைக்க, வாங்கிவிட்டேன். அப்புறம் காசில்டன் போனபோது பட்டறையில் ஒருவரிடம் காட்டினேன். விளக்கடியில் ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு, கல் அழகாக இருக்கிறது, ஆனால் இந்த மலையில் பிறந்தது இல்லை என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பாருங்கள்! எந்தச் சுரங்கத்துக் கல் என்று கேட்டு, ரசீதில் எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, அது எளிதில் உடையும் கல். மோதிரத்தைவிடப் பதக்கம் நல்லது.

நான்காவது ஸ்லிப்:

கிரிக்கெட் பைத்தியமாக நான் போனது மைதானம் பார்க்க. 1975 ஜூன் 2, டார்பிஷயர் லங்காஷயர் ஆட்டம் இங்கேதான் பனிப்பொழிவால் நின்றது. ஜூன் மாதம், பனி! சனிக்கிழமை லங்காஷயர் 5 விக்கெட்டுக்கு 477, கிளைவ் லாயிட் அவுட்டாகாமல் 167. திங்கட்கிழமை மைதானமே வெள்ளை. செவ்வாய்க்கிழமை ஈரம் காயாத பிட்ச்சில் டார்பிஷயர் 42, மறுபடி 87. டிக்கி பேர்ட் அம்பயர். அங்கே நாய் நடத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைக் கேட்டதுதான் தாமதம், நேற்று நடந்த மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாலை நான்கு மணி ரயில் போய்விட்டது.

பூல்ஸ் கேவர்னும் போனேன். குகைக்குள் வருஷம் முழுக்க 7 டிகிரிதான், ஸ்வெட்டர் கட்டாயம். ஆரஞ்சு நிறத்தில் குட்டி குட்டியாகத் தரையிலிருந்து முளைத்த சுண்ணாம்புக் கூம்புகளை இங்கே 'போச்சுடு எக்' என்கிறார்கள். நம் ஊர்க்காரர் பார்த்தால் ஆஃப் பாயில் என்றுதான் சொல்வார். மேலே மலையில் சுண்ணாம்புக் காளவாய் போட்டிருந்த இடத்திலிருந்து கசியும் நீரால் இவை வழக்கத்தைவிட வேகமாக வளர்கின்றனவாம்.

ஸ்டாக்போர்ட்வாசி:

அக்கா சொன்ன மேட்டை ஏறவில்லை, உண்மைதான். அதற்குப் பதில் டெவன்ஷயர் டோம் என்ற பெரிய குவிமாடக் கட்டடத்துக்குள் போனோம். முதலில் டியூக்கின் குதிரை லாயம், அப்புறம் மருத்துவமனை, இப்போது டார்பி பல்கலைக்கழகம். 1881இல் போட்ட கூரை சுமார் 44 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. நட்டநடுவில் நின்று பேசினால் குரல் நம்மிடமே திரும்பி வருகிறது. மாணவர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்க, அம்மா நடுவில் போய் நின்று மெதுவாக "முருகா" என்றார். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை சொன்னார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தினமும் யாராவது வந்து கத்துவார்கள் போல.

போகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீர் பிடிக்க வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டு போங்கள், இரண்டு லிட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். கிணற்றிலிருந்து ரயில் நிலையம் மேடு. தூக்கியது நான்.