ரெண்டு வருஷ கேப், சேகரக் கணக்கு, போலி எக்ஸ்பீரியன்ஸ் – உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

பாளை பொண்ணு:

எல்லாருக்கும் தோத்திரம். வேலை தேடிட்டு இருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு உதவும்னு என் கதைய எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் பாளையங்கோட்டைல பி.காம் முடிச்சிட்டு சென்னைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ரெண்டரை வருஷம் இருந்தேன். 2022ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. அம்மாவால தனியா தூக்கி உக்கார வைக்க முடியல, அதனால வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன், ரெண்டு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. 2024ல அப்பா கம்பு ஊனி நடக்க ஆரம்பிச்சதும் திரும்ப சென்னைக்கு வந்து அப்ளை பண்ணா எல்லா இடத்துலயும் ஒரே கேள்வி, ரெண்டு வருஷம் என்னம்மா பண்ணுன? அப்பாவ பாத்துக்கிட்டேன்னு சொன்னா தலைய ஆட்டுவாங்க, அதுக்கப்புறம் போனே வராது.

அப்பதான் வேளச்சேரில ஒரு கன்சல்டன்சில 25,000 ரூபா கட்டுனா ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் ரெடி பண்ணி அந்த ரெண்டு வருஷத்த அடைச்சிடலாம்னு சொன்னாங்க. என் கூட ரூம்ல இருந்த பிள்ளை அப்படித்தான் உள்ள போனாளாம். உண்மைய சொல்றேன், நான் பணத்த ஏடிஎம்ல எடுத்தும் வச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த மே மாசந்தான் விபிஎஸ்ல (சபைல நடத்துற லீவு வேதாகமப் பள்ளி) சின்னப் பிள்ளைங்களுக்கு அனனியா சப்பீராள் கதை எடுத்திருந்தேன், நிலத்த வித்த காசுல கொஞ்சத்த ஒளிச்சு வச்சிட்டு முழுசும் இதுதான்னு சொன்னாங்களே, அதே கதை. ஒரு பையன் எந்திரிச்சு "மிஸ், அவங்க நிஜத்த சொல்லிருந்தா பேதுரு விட்டிருப்பாரா?"ன்னு கேட்டான். விட்டிருப்பாருன்னு நான் சொன்னேன். அந்தப் பிள்ளை மூஞ்சிதான் கண்ணுல நின்னுச்சு.

மறுநாள் காலைல எச்ஆர்ல இருக்கிற ஃப்ரெண்டுட்ட கேட்டேன். பிஎஃப்க்கு ஆளுக்கு ஒண்ணா யூஏஎன்னு 12 இலக்க நம்பர் இருக்குல்ல, அதுக்குள்ள எந்தக் கம்பெனில எந்தத் தேதி சேர்ந்தோம், எந்தத் தேதி விட்டோம்னு எல்லாம் வந்துடும், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல முதல்ல அதத்தான் பாப்பாங்க, சேர்ந்து ஆறு மாசம் கழிச்சு கண்டுபிடிச்சாலும் வெளிய அனுப்பிடுவாங்கன்னு சொன்னா. பணத்த திரும்ப பேங்க்ல போட்டுட்டேன்.

அப்புறம் உக்காந்து ரெசூமையே புதுசா எழுதுனேன். பழசுல அப்பா பேரு, மதம், ஜாதி, ஞானஸ்நானத் தேதி வரைக்கும் இருந்துச்சு, கல்யாண பயோடேட்டா மாதிரி. தனியார் கம்பெனிக்கு அது எதுவும் வேணாம், எல்லாத்தையும் எடுங்க. 2022–24ன்னு போட்டு "அப்பாவைப் பராமரிக்க வீட்டில் இருந்தேன்"னு ஒரே வரி எழுதுனேன். அதுக்குக் கீழ அந்த ரெண்டு வருஷமும் எங்க சேகரக் கணக்க (ஒரு போதகர் பொறுப்புல இருக்கிற சபைகளோட கணக்கு) நான்தான் எழுதுனேன்ல, அத வேலையா எழுதுனேன். "சபை ஊழியம்"னு மட்டும் போட்டா எதிர்ல இருக்கிறவருக்கு ஒண்ணுமே புரியாது. மாச வரவு செலவு டேலி சாஃப்ட்வேர்ல ஏத்துனது, நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிட்டுப் பாக்குற பேங்க் ரிகன்சிலியேஷன், வருஷ ஆடிட்டுக்கு வவுச்சர் அடுக்கிக் குடுத்தது, விபிஎஸ்க்கு 140 பிள்ளைங்க 18 டீச்சருக்கு பட்ஜெட் போட்டதுன்னு பிரிச்சு எழுதுனேன்.

கிண்டில ஒரு இன்டர்வியூ. நெத்தி நிறைய விபூதி வச்ச ஒரு பெரியவர்தான் மேனேஜர். "சர்ச் கணக்குன்னா உண்டியல் எண்றதாம்மா?"ன்னு கேட்டார். இல்ல சார், காணிக்கைய ரெண்டு பேர் சேர்ந்து எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், திங்கக்கிழமை பேங்க்ல கட்டி சலான் நம்பர எழுதணும், ஒரு ஆளா யாரும் பணத்த தொடக்கூடாதுன்னு சொன்னேன். நிமிர்ந்து உக்காந்தார். வவுச்சர் ஒண்ணு காணாம போனா என்ன செய்வன்னு கேட்டார். எங்க அசனத்துக்கு (சபை விருந்து) வாங்குன ஆறு மூட்டை அரிசி பில் தொலைஞ்சுபோச்சு, வாங்கப்போன அண்ணன் பேருல அட்வான்ஸ்லயே நிக்க வச்சிட்டு, கடைல டூப்ளிகேட் பில் வாங்குனப்புறந்தான் செலவுல எழுதுனேன், அதுவரைக்கும் கமிட்டில எல்லாரும் என்னத்தான் திட்டுனாங்கன்னு நடந்தத சொன்னேன். அந்த வேலைதான் கிடைச்சுது, மாசம் 23,000. அந்த கேப்ப பாத்ததுமே அதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல அனுப்பிட்டாங்க, அதையும் மறைக்கல.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

குமரி நர்ஸ்:

அக்கா, வாசிக்கும்போதே அழுகை வந்துட்டு. நான் மார்த்தாண்டம் பக்கம். எனக்கு நடந்தது ஏஜென்ட் விஷயம். எங்க ஜெபக்கூட்டத்துல முன் வரிசைல உக்காந்திருக்கிற ஆள், சாட்சி எல்லாம் நல்லா சொல்லுவார், சவுதிக்கு நர்ஸ் வேலை, ரெண்டு லட்சம், நம்ம பிள்ளைங்கன்னா முதல்ல 60,000 போதும்னார். அம்மா செயின அடகு வச்சு குடுத்தோம். ரசீது கேட்கக் கூச்சமா இருந்துச்சு, விசுவாசிட்ட போய் ரசீது கேக்கதான்னு. எட்டு மாசம் அலைஞ்சு 20,000 திரும்ப வந்துச்சு, அவ்வளவுதான்.

தயவுசெஞ்சு ரசீது கேளுங்க. சபைல தெரிஞ்ச ஆளா இருந்தா இன்னும் தைரியமா கேளுங்க. ஏஜென்ட் லைசென்ஸ் நம்பர மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல போட்டு பாருங்க, அவங்க வாங்கலாம்னு சட்டத்துல இருக்கிற சர்வீஸ் சார்ஜே 30,000மும் ஜிஎஸ்டியுந்தான். சவுதி, குவைத் மாதிரி 18 நாட்டுக்கு நர்ஸ்ங்கள அரசு ஏஜென்சி வழியாத்தான் எடுக்கணும்னு 2015லேயே மத்திய அரசு ஆர்டர் போட்டிருக்கு, எனக்கு அது அப்ப தெரியாது. தமிழ்நாட்டுல ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்னு அரசோடது இருக்கு, 1978லேருந்தே இருக்கு. நான் பிறகு அங்கதான் பதிஞ்சேன்.

போலி எக்ஸ்பீரியன்ஸ் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷ அனுபவம் கேட்டாங்க, எனக்கு ஒரு வருஷம் ஏழு மாசந்தான் ஆகியிருந்துச்சு. ரெண்டுன்னு எழுதித் தரச்சொல்லி ஆஸ்பத்திரி சூப்பிரண்டென்ட் மேடத்துட்ட கெஞ்சுனேன், முடியாதுன்னுட்டாங்க. அன்னைக்கு அவங்க மேல அவ்வளவு கோவம். நம்ம சர்டிபிகேட் எல்லாம் நிஜமான்னு பாக்குற டேட்டாஃப்ளோ கம்பெனி வெரிஃபிகேஷன் போனப்பதான் புரிஞ்சுது, அவங்க நேரா ஆஸ்பத்திரிக்கே எழுதி தேதிய கேப்பாங்க. அஞ்சு மாசம் கூட வேலை பாத்துட்டு, நர்ஸ் லைசென்ஸுக்கான பிரோமெட்ரிக் பரீட்சை எழுதி, இப்ப ரியாத்துல இருக்கேன். செயினயும் மீட்டாச்சு.

கணக்கு டீச்சர்:

நான் மிஷன் ஸ்கூல் இன்டர்வியூ பத்தி மட்டும் சொல்றேன். ஐயர் (எங்க சபைப் போதகர்) லெட்டர், சபை அங்கத்தினர் சர்டிபிகேட் எல்லாம் பக்காவா வச்சிருந்தேன், ரெண்டு சங்கீதம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். ஆரம்பத்துல ஜெபம் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன், அடுத்து அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு பின்னம் நடத்துங்கன்னாங்க. பாதிக்குள்ள கால்வாசி எத்தனன்னு ஒரு பிள்ளை கேட்டதுக்கு போர்டுல படம் போடக்கூட தோணல. வேலை கிடைக்கல, அது நியாயம். டெமோ கிளாஸ வீட்டுல நாலு பிள்ளைங்கள உக்கார வச்சு நடத்திப் பாருங்கம்மா.

சிறுபான்மை ஸ்கூல்னா டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேவையில்லன்னு 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப நம்பி எழுதாம இருக்காதீங்க. 2025 செப்டம்பர்ல அதே கோர்ட் அந்த விஷயத்த பெரிய பெஞ்ச் பாக்கட்டும்னு அனுப்பிருக்கு. எழுதி பாஸ் பண்ணி கைல வச்சுக்கோங்க.

தூத்துக்குடி தம்பி:

சேல்ஸ் வேலை, ஞாயிறும் டியூட்டி. நான் இன்டர்வியூலயே சார் காலைல ஆராதனைக்குப் போய்ட்டு பத்து மணிக்கு வரேன், அதுக்குப் பதிலா சனிக்கிழமை கடை மூடுற வரைக்கும் நிக்கேன்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. சேர்ந்தப்புறம் போய் சொல்லாதீங்க, அது அவங்கள ஏமாத்துன மாதிரி. அக்கா ஒரு டவுட்டு, ரெஃபரன்ஸ்ல ஐயர் பேர போடலாமா?

பாளை பொண்ணு:

தம்பி, ஆடிட்டர் ஆபீஸ் சீனியர் பேர முதல்லயும் ஐயர் பேர ரெண்டாவதாவும் போட்டேன், ரெண்டு பேர்ட்டயும் கேட்டுட்டுத்தான். எங்க வீட்டு சொந்தக்காரர் மாதிரி பேசாம நான் செஞ்ச வேலைய மட்டும் சொல்லுங்க ஐயான்னு ஐயர்ட்ட சொல்லி வச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பிரசங்கம் எழுதிட்டு இருக்கும்போது கிண்டிலேருந்து போன் வந்திருக்கு. "அந்தப் பிள்ளை அரிசி பில் வர்ற வரைக்கும் என்னையே கணக்குல கையெழுத்து போட விடல"ன்னு சொல்லிருக்கார்.