பேஸ்பால் வீடியோ கேம் ரோஸ்டரில் இளம் வீரர்களைச் சேர்த்த அனுபவங்கள்: வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

காட்பாடியிலிருந்து:

கிரிக்கெட் கேமில் ரஞ்சிப் பையன்களைச் சேர்த்து ரோஸ்டர், அதாவது அணிகளின் வீரர் பட்டியல், போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. பேஸ்பாலில் அதே வேலையைச் செய்கிறவர்களை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்தையும் சேர்த்தாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். இருக்கிற நாலு பேராவது பேசிக்கொள்வோமே என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். நீங்கள் சேர்த்ததில் மறக்க முடியாத பையன் யார்? எப்படிச் சேர்த்தீர்கள்? அப்புறம் அவன் என்ன ஆனான்?

முதலில் என் கதை. கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவர் பழைய கம்ப்யூட்டரில் எம்விபி பேஸ்பால் 2005 வைத்திருந்தார். அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் அணிகளோடு, அவற்றுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் டிரிபிள் ஏ, டபுள் ஏ, சிங்கிள் ஏ என்கிற மைனர் லீக் அணிகளும் அதில் உண்டு. அதற்குப் பிறகு உரிமம் வேறு கைக்குப் போய்விட்டதால் அந்த வரிசையில் மேஜர் லீக் கேம் வரவே இல்லை. ஆனாலும் ரசிகர்கள் அதை விடவில்லை. புது ஜெர்சி, புது மைதானம், புது வீரர்கள் என்று பல வருஷம் தாங்களே போட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் ஜான் டௌட் என்று ஒருவர் சான்பிரான்சிஸ்கோ அணியில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துக்கொண்டே இருப்பார். யார் இவர் என்று கேட்டேன். அந்த அணியின் நிஜ நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ், வீரர்கள் சங்கத்தின் பொது உரிம ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டார், அதனால் அவர் பெயரைப் போட முடியாமல் வேறு பெயரில் ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று சீனியர் சொன்னார். கேமில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்பது ஆட்டத்திறமையைப் பொறுத்தது மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இளம் வீரர்கள் விஷயத்திலும் இதே கதைதான். ரொம்ப காலமாக, ஓர் அணியின் 40 பேர் பட்டியலில் இடம் பிடித்தால்தான் சங்கத்தில் உறுப்பினர். அதற்குக் கீழே மைனர் லீகில் ஆடும் ஆயிரக்கணக்கான பையன்களுக்குச் சங்கமும் இல்லை, கேமில் பெயரும் இல்லை. அவர்கள் இடத்தில் கம்ப்யூட்டர் உருவாக்கிய கற்பனை ஆட்கள் நிற்பார்கள். மைனர் லீக் வீரர்கள் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்ததே 2022 செப்டம்பரில்தான். அதுவரை ஒவ்வொரு வருஷமும் கற்பனை ஆட்களைத் தூக்கிவிட்டு நிஜப் பையன்களை உட்கார வைத்தவர்கள் ரசிகர்கள்தான். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, நன்றி சொல்லவும் ஆள் கிடையாது. அந்த வேலை மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

என் மறக்க முடியாத பையன் யுவான் சோட்டோ. 2018 சீசனை அவர் ஹேகர்ஸ்டவுன் என்கிற ஊரில், சிங்கிள் ஏ-யில் ஆரம்பித்தார். வயது 19. வாஷிங்டன் அணியின் கீழ்மட்டத்தை நிரப்பும்போது அவரையும் போட்டேன். இடது கை பேட்டிங், இடது கை வீச்சு, அவுட்ஃபீல்டு. பந்தை விட்டு வைக்கும் பொறுமைக்கு மட்டும் தாராளமாக எண் கொடுத்தேன், ஏனென்றால் அந்த வயதில் அப்படி ஒரு பார்வை அபூர்வம். நான் போட்ட கோப்பு பழசாவதற்குள் ஹை ஏ, டபுள் ஏ என்று மளமளவென ஏறி, மே 20 அன்று மேஜர் லீகில் கால் வைத்துவிட்டார். அடுத்த நாள், முதன்முதலாகத் தொடக்க வரிசையில் இறங்கியவர், தனக்கு வீசப்பட்ட முதல் பந்தையே வேலிக்கு வெளியே மூன்று ரன் ஹோமராக அடித்தார். அங்கே ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. நான் பார்த்துவிட்டுக் கத்தியதில் பக்கத்து அறைக்காரர் எழுந்து வந்து, என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிறந்த தேதி முதல் எல்லாவற்றையும் நான் கையால் அடித்து வைத்திருந்த பையன் அல்லவா!

ராணிப்பேட்டையிலிருந்து:

அண்ணா, நல்ல வேலை ஆரம்பித்தீர்கள். நான் ரேட்டிங், அதாவது கேமில் ஒருவரின் திறமைக்குப் போடும் எண், பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் எனக்கு மனஸ்தாபமே அங்கேதான்.

அணிகளுக்காகத் திறமை தேடிப் போகும் ஸ்கவுட்டுகள் பயன்படுத்துவது 20 முதல் 80 வரையிலான அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக் சராசரி, 80 என்றால் தலைமுறைக்கு ஒருவர். பேட்டில் பந்து படுவது, பலம், ஓட்டம், தடுப்பு, வீச்சு என்று ஐந்தையும் தனித்தனியாகப் போடுவார்கள். நல்ல அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் இருக்கும். இன்றைக்கு இப்படி, வளர்ந்தால் இப்படி. உதாரணத்துக்கு 30, பிறகு 55. ரோஸ்டர் போடும் தம்பிகள் பலர் அந்த 55-ஐ எடுத்து இன்றைய ரேட்டிங்கில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் பொட்டென்ஷியலையும் (எதுவரை வளரலாம் என்கிற எண்) உச்சத்தில் வைக்கிறார்கள். பிறகு 18 வயதுப் பையன் கேமில் முதல் வருஷமே 40 ஹோமர் அடிக்கிறான், ஆஹா என்கிறார்கள். அது அந்தப் பையனே இல்லை. அவன் பெயரை மாட்டிக்கொண்ட இன்னொருவன்.

ஜாக்சன் ஹாலிடேவைப் பாருங்கள். 2022 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், முதல் ஆள். அப்பா மாட் ஹாலிடே பெரிய ஆட்டக்காரர். 2024 சீசன் தொடங்கும்போது பிராஸ்பெக்ட் (எதிர்பார்ப்புள்ள இளம் வீரர்) பட்டியல்களில் முதல் பெயர். ஏப்ரல் 10-ல் பால்டிமோருக்காக இறங்கினார். 34 தடவையில் 2 ஹிட். மாதம் முடிவதற்குள் டிரிபிள் ஏ-க்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூலை 31-ல் மறுபடி வந்தார், அன்றைக்கே கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ரன். இந்த இரண்டும் நடக்கக்கூடிய ரேட்டிங்கைத்தான் நாம் கொடுக்க வேண்டும். நான் அந்த வசந்தத்தில் அவருக்குப் போட்ட இன்றைய எண், பட்டியலில் எங்கேயோ பின்னால் இருந்த ஒரு 26 வயது டிரிபிள் ஏ ஆளைவிடக் குறைவு. பொட்டென்ஷியலை மட்டும் மேலே வைத்தேன். சிநேகிதர் ஒருவர் கோபித்துக்கொண்டு என் கோப்பை அழித்தேவிட்டார். சரி, அழிக்கட்டும். இன்றைக்கும் அதே எண்தான் போடுவேன்.

நான் நைட் ஷிப்ட் ஆள். சிப்காட்டில் வேலை முடித்து வருவதற்கும் அங்கே ஆட்டம் முடிவதற்கும் சரியாக இருக்கும். காலை டீ குடித்துக்கொண்டே மைனர் லீக் பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டப் புள்ளிவிவரம்) பார்த்து, மாற்ற வேண்டியதைக் குறித்துக்கொண்டு அப்புறம்தான் தூக்கம்.

ஆம்பூரிலிருந்து:

ராணிப்பேட்டை அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் பால் ஸ்கீன்ஸ் மாதிரி ஆட்களை என்ன செய்வது? 2023 ஜூலையில் பிட்ஸ்பர்க் அவரை முதல் ஆளாக எடுத்தது. 2024 மே 11-ல் மேஜர் லீகில் வீசிவிட்டார். அந்த வருஷமே நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். அவருக்கு 45 போட்டு உட்கார வைத்திருந்தால் அதுவும் பொய்தானே? கல்லூரியில் ஆடி முடித்த பிட்சர் (பந்து வீசுபவர்) வேறு, பள்ளியிலிருந்து வரும் பேட்டர் வேறு. வயதைப் பார்த்து எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

எனக்குப் பிடித்தது பட்டியலில் இல்லாதவர்கள்தான். மேஜர் லீகின் இளம் வீரர் பக்கமான எம்எல்பி பைப்லைன் ஒவ்வோர் அணிக்கும் 30 பேரைப் பட்டியல் போடுகிறது. 30 அணிக்கு 900 பேர். அந்த 900-ஐ யார் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம், விவரம் எல்லாம் கையில் கிடைக்கும். 31-வது ஆளை யார் சேர்ப்பது? மைக் பியாசா 1988 டிராஃப்டில் 62-வது சுற்று, 1,390-வது தேர்வு. 2016-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்துவிட்டார். ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-ல் 13-வது சுற்று. இப்போது டிராஃப்டே 20 சுற்றுதான், பியாசா மாதிரி ஆளுக்குக் கதவே கிடையாது. டொமினிகன் பையன் எல்லி டி லா க்ரூஸை சின்சினாட்டி 2018-ல் ஒப்பந்தம் செய்தது 65,000 டாலருக்கு. அதே வெளிநாட்டு இளம் வீரர் சந்தையில் பல லட்சம் டாலர் வாங்கிய பையன்கள் பலர் இன்று எங்கே என்றே தெரியவில்லை.

அதனால் நான் மைனர் லீகின் அடிமட்டமான டொமினிகன் கோடை லீகிலிருந்து ஆரம்பிப்பேன். புகைப்படம் இருக்காது, ஸ்கவுட் அறிக்கை இருக்காது. உயரம், எடை, எந்தக் கை, எத்தனை வாக் (தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்குப் போவது), எத்தனை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது), அவ்வளவுதான். 17 வயதில் ஸ்ட்ரைக் அவுட்டைவிட வாக் அதிகம் வாங்குகிறான் என்றால் அவன் பெயரைக் குறித்து வைப்பேன். கடையில் தோல் லாட் தரம் பிரிக்கும்போது அப்பா சொல்வார், மேலே பளபளப்பைப் பார்க்காதே, திருப்பிப் போட்டுப் பார் என்று. நானும் பையன்களைத் திருப்பிப் போட்டுத்தான் பார்க்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

எல்லா அண்ணன்களும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு பையன் பேட்டிங் இடத்தில் எப்படி நிற்கிறான் என்று யாருமே சொல்லவில்லையே?

நான் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடினேன், கேட்சர். கேட்சருக்கு முன்னால் நிற்பவரின் முட்டியும் இடுப்பும்தான் முதலில் கண்ணில் படும். அந்தப் பழக்கத்தில், ரோஸ்டரில் ஒரு பையனைச் சேர்த்தால் நிற்கும் விதம் சரியாக வரும்வரை எனக்கு மனசு ஆறாது. மைனர் லீக் ஆட்ட வீடியோ ஏதாவது கிடைத்தால் போனில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கை காதுக்கு மேலே இருக்கிறதா, தோள்பட்டைக்குக் கீழேயா? முன்னங்காலைத் தூக்குகிறானா, விரல் நுனியை மட்டும் தட்டுகிறானா? பேட் நுனி பிட்சர் பக்கம் சாய்கிறதா? கேமில் இருக்கும் ஸ்டான்ஸ்களில் (நிற்கும் விதங்களில்) மிக நெருக்கமானதை எடுத்து, கை உயரத்தையும் கால் அகலத்தையும் மாற்றிக்கொண்டே வருவேன்.

இடது, வலது இரண்டு பக்கமும் நின்று அடிக்கும் ஸ்விட்ச் ஹிட்டர் என்றால் இரண்டு பக்கமும் தனித்தனி வேலை. பலர் ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு அதையே மறுபக்கத்துக்கும் ஒட்டிவிடுகிறார்கள். டி லா க்ரூஸ் இரண்டு பக்கமும் ஆடுகிறவர்தானே, ஆம்பூர் அண்ணா? இடது பக்கம் நிற்பவரும் வலது பக்கம் நிற்பவரும் வேறு வேறு மனிதர்கள் போலத் தெரியும். அப்படி அமைந்துவிட்டால், முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் நான் ஒரு பழைய சீசன் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள். 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி, அந்த வருஷ நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் அணியுடன் ஒப்பந்தம். அந்தப் போட்டிக்கு முன்னால் பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. தினேஷ் வலது கை, ரிங்கு இடது கை. மேஜர் லீக் வரை அவர்களால் போக முடியவில்லை. என் கோப்பில் ரிங்குவுக்கு நான் எதையும் ஏற்றிப் போடவில்லை, அவர் வீசிய மட்டத்துக்கு என்ன எண்ணோ அதுதான். ஆனால் இருக்கிறார். கல்ஃப் கோஸ்ட் லீக் என்கிற மைனர் லீக் அடிமட்டத்தில் இந்தியப் பெயரோடு ஓர் இடது கை ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்). அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும், அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆற்காட்டிலிருந்து:

நான் உடற்பயிற்சி ஆசிரியர். வயதில் உங்களுக்கெல்லாம் மூத்தவன் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேஜர் லீக் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் மண் மைதானத்தில் வெயிலில் நின்று தரையோடு வரும் கிரவுண்டரை மார்பில் வாங்குவார்கள். பழைய மாணவன் ஒருவன் லேப்டாப்பில் இந்த ரோஸ்டர் வேலையைக் காட்டியபோது, நம் பிள்ளைகளையும் போட முடியுமா என்று கேட்டேன். போட்டான். ரேட்டிங்கை நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். ஸ்கவுட் அளவுகோலில் எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாமே 20தான், அது உண்மை. அதனால் எங்களுக்குள் தனியாக ஓர் அளவு வைத்துக்கொண்டோம். மாவட்டத்தில் நல்ல ஆட்டக்காரன் என்றால் 50.

பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு பண்ணிய ரகளை இருக்கிறதே! ஓட்டத்துக்கு எனக்கு 55, அவனுக்கு 60-ஆ, சார் எங்க ரெண்டு பேரையும் இப்பவே ஓட விட்டுப் பாருங்க என்று சண்டை. விசில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். 60 வாங்கியவன்தான் ஜெயித்தான், ஆனால் அரை அடியில். வந்து 55-ஐ 60 ஆக்கினோம். ஒரு பிட்சர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் கண்ட்ரோல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தான்.

ஒரு விஷயத்தில் நான் கறார். அந்தக் கோப்பு அந்த லேப்டாப்பை விட்டு வெளியே போகக்கூடாது. சின்னப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, முகம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டு ஊர் அறிய ஆடும் வீரர் வேறு, நம் தெருப் பிள்ளை வேறு. பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்காமல் யாரும் இதைச் செய்யாதீர்கள், கேட்டாலும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

காட்பாடியிலிருந்து:

சார், நீங்கள் சொன்னது ரொம்ப முக்கியம். நாம் பகிரும் எந்தக் கோப்பிலும் உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டாம் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்வோம்.

ஆம்பூர்த் தம்பி, உன் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு யோசனை. 2025 டிராஃப்டில் வாஷிங்டன் முதல் ஆளாக எடுத்த ஈலை விலிட்ஸுக்கு வயது 17, முதல் தேர்வாகப் போனவர்களில் மிக இளையவர்களில் ஒருவர். இங்கே அந்த வயதில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஷார்ட்ஸ்டாப், ஸ்விட்ச் ஹிட்டர். அவரை நாம் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டு சேர்ந்து போடுவோமா? எண் ராணிப்பேட்டை, வளர்ச்சி ஆம்பூர், விவரம் நான். ஸ்டான்ஸ் குடியாத்தம் தங்கச்சி, இரண்டு பக்கமும். நவம்பரில் அணிகள் 40 பேர் பட்டியலைத் திருத்துவதற்குள் முடித்தால் அதே கையோடு மற்ற மாற்றங்களையும் ஏற்றிவிடலாம்.

குடியாத்தத்திலிருந்து:

சரி அண்ணா. அவருடைய வலது பக்க வீடியோ தெளிவாகக் கிடைத்தால் யாராவது அனுப்புங்கள். இடது பக்கம் நான் ஆரம்பித்துவிட்டேன்.