எச்.எஸ்.சி. எகனாமிக்ஸ்: நோட்ஸ் முழுக்க மனப்பாடம், ஆனாலும் கட்டுரையில் மார்க் விழவில்லை

ரோஸ்ஹில் மாணவி:
வணக்கம். மொரிஷியஸில் எச்.எஸ்.சி.க்கு (கிரேடு 13 முடிவில் வரும் பள்ளி இறுதித் தேர்வு) கிரேடு 12 படிக்கிறேன். எஸ்.சி.யில் (கிரேடு 11 முடிவில் வரும் தேர்வு) எகனாமிக்ஸ் எடுக்காமல் இப்போதுதான் புதிதாகத் தொடங்கினேன். மல்டிபிள் சாய்ஸில் 30-க்கு 22, 23 வந்துவிடுகிறது, கட்டுரையில்தான் அடி. நாணய மதிப்பு இறங்கினால் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (ஏற்றுமதி போன்றவற்றில் வரும் பணத்தைவிட இறக்குமதி போன்றவற்றுக்குப் போகும் பணம் அதிகமாக இருப்பது) தீருமா என்ற 12 மார்க் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதி 5 வாங்கினேன். ஓரத்தில் "விவரித்திருக்கிறாய், அலசவில்லை" என்று எழுதியிருந்தது. ட்யூஷன் நோட்ஸ் வரி விடாமல் தெரியும். அப்புறம், நான் கணக்குப் பாடம் எடுக்கவில்லை, அது பிரச்சினையா?

பழைய லாரியாட் ஆசை:
தங்கச்சி, நோட்ஸில் "ஏற்றுமதி மலிவாகும், இறக்குமதி விலை ஏறும், பற்றாக்குறை குறையும்" என்று மூன்றே வரியில் முடித்திருப்பார்கள், லாரியாட் (எச்.எஸ்.சி.யில் முன்னிலை பெற்று அரசு உதவித்தொகை வாங்குபவர்) ஆகும் ஆசையில் நானும் அதைத்தான் ஒப்பித்தேன். அதை நம்ம தீவில் வைத்துப் பார். பெட்ரோலும் கோதுமையும் அரிசியும் கப்பலில்தான் வருகின்றன, விலை ஏறியது என்று யாரும் ரொட்டி தின்பதை நிறுத்துவதில்லை, அதாவது இறக்குமதித் தேவையின் எலாஸ்டிசிட்டி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) குறைவு, அதே அளவு வாங்கினால் ரூபாய்க் கணக்கில் பில் கூடத்தான் செய்யும். துணி ஏற்றுமதிக்கு லாபம் என்பாய், பஞ்சும் நூலில் ஒரு பங்கும் வெளியிலிருந்துதானே வருகின்றன? ஹோட்டல் அறை யூரோ வைத்திருப்பவருக்கு மலிவாகும், சரி, ஆனால் பிரான்சில் வேலை போனவர் மலிவு என்று விமானம் ஏறுவாரா? இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆனால்" போட்டு, எந்த நிலையில் தீரும், எந்த நிலையில் தீராது என்று உன் தீர்ப்பைச் சொல். எவாலுவேஷன் என்பது அதுதான், அதற்கென்றே தனி மார்க் உண்டு. கிரேடு 13-ல் மார்ஷல்-லெர்னர் நிபந்தனை வரும்: ஏற்றுமதி, இறக்குமதித் தேவைகளின் எலாஸ்டிசிட்டி இரண்டையும் மைனஸ் குறி பார்க்காமல் கூட்டினால் 1-ஐத் தாண்ட வேண்டும், அப்போதுதான் நாணய மதிப்பு இறங்கியது பற்றாக்குறையைக் குறைக்கும். நீ இப்போதே அதைப் பாதி புரிந்துகொண்டிருப்பாய்.

சனிக்கிழமை ட்யூஷன் டீச்சர்:
கணக்குப் பயம் வேண்டாம் மகளே, சதவீதம் போடத் தெரிந்தால் போதும். தால் பூரி 20 ரூபாயிலிருந்து 25 ஆகி, 200 விற்ற இடத்தில் 180 விற்றால், விலை 25% ஏற்றம், விற்பனை 10% இறக்கம், எலாஸ்டிசிட்டி மைனஸ் 0.4. கடைக்காரருக்கு 4000 வந்தது 4500 ஆகிறது, ஆகவே விலையை ஏற்றியது அவருக்கு நல்லதுதான். ஆனால் பல்கலைக்கழகத்திலும் எகனாமிக்ஸ் என்றால் கதை வேறு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அந்தப் பட்டத்துக்கு ஏ லெவல் கணக்கு கட்டாயம். அந்த ஆசை இருந்தால் இப்போதே யோசி.

மோகா வாசகர்:
உள்ளூர் உதாரணம் நல்லதுதான், அளவோடு போடு. டேட்டா ரெஸ்பான்ஸில் (புள்ளிவிவரம் கொடுத்து அதை வைத்துக் கேட்கும் கேள்வி) கொடுத்த எண்களைத் தொடாமல் நம்ம ஊர்க் கதை சொன்னால் ஒன்றும் கிடைக்காது. எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் மீட். பின்னால் 1977-ல் நோபல் வாங்கியவர், 1961-ல் வந்த அறிக்கையில் இந்தத் தீவின் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையில்லாமல்தான் எழுதினார். கரும்பை மட்டும் நம்பி, மக்கள்தொகை பெருகிக்கொண்டே போன காலம் அது. 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் (ஏற்றுமதிக்காகவே உற்பத்தி செய்யும் ஆலைகளுக்குச் சலுகை தந்தது) வந்தபின் துணி ஆலைகள் பெருகின. அவர் கணிப்பு எங்கே பிசகியது என்று பத்து வரி எழுதிப் பழகு.

ரோஸ்ஹில் மாணவி:
நன்றி அண்ணா, டீச்சர், எல்லோருக்கும். அந்தக் கட்டுரையையே திரும்ப எழுதுகிறேன், இந்த முறை ஒன்றரைப் பக்கத்தில். வரைபடம் எங்கே வர வேண்டும், தொடக்கத்திலா நடுவிலா?

பழைய லாரியாட் ஆசை:
எந்த வரி அதைப் பற்றிப் பேசுகிறதோ அதற்குப் பக்கத்தில். அச்சுகளுக்குப் பெயர் போட மறக்காதே, நான் மறந்தேன்.